மரபணு அறிக்கையில் ‘மாறுபாடு’ என்று வந்திருக்கிறதா? நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மார்பகம், சினைப்பை, குடல், கண் என்று பரம்பரையாகக் கட்டிகள் வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவரும் அறிக்கையைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. ரத்தம் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறது. சில வாரங்களில் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் வருகிறது. அதில் ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

மாறுபாடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் எனக்குப் புற்றுநோய் வருமா?

அந்தச் சொல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நம் உடலின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக வைத்திருக்கும் மாதிரிப் பிரதியோடு ஒப்பிட்டால் உங்களுக்கும் எனக்கும், யாருக்குமே, 40 முதல் 50 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒரு தொந்தரவும் செய்யாதவை.

நம் ஊரில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்கிறோம். வெளியூர்க்காரர் ஒருவர் அதை எழுத்தில் பார்த்தால் பிழை என்று வட்டம் போடுவார். ஆனால் கடைக்காரர் சரியாகப் பழத்தைத்தான் எடுத்துத் தருகிறார். இது தீங்கற்ற மாறுபாடு. ‘கறி வாங்கி வா’ என்று எழுதவேண்டிய சீட்டில் ‘கரி வாங்கி வா’ என்று எழுதினால் பையன் அடுப்புக்கரியோடு வந்து நிற்பான். அங்கேயும் மாறியது ஓர் எழுத்துத்தான், ஆனால் சமையல் நின்றுபோகும். இது நோய் உண்டாக்கும் மாறுபாடு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பழைய பத்திரத்தில் யாருக்கும் புரியாத ஒரு சொல் வருகிறது. அது ஏதாவது வயலின் பெயரா, எழுதியவர் கைத்தவறா என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். அறிக்கையில் ‘வி.யூ.எஸ்.’ என்று வருவது இந்த மூன்றாவது வகை. பொருள் இன்னும் தெளிவாகாத மாறுபாடு.

மியூட்டேஷன், வேரியன்ட் இரண்டும் ஒன்றா?

முன்பெல்லாம் எல்லாவற்றையும் மியூட்டேஷன் என்றார்கள். கேட்டவுடன் பயம் வருகிறது என்பதாலும், பெரும்பாலானவை நோயோடு சம்பந்தமில்லாதவை என்பதாலும் இப்போது அறிக்கைகளில் வேரியன்ட், அதாவது மாறுபாடு, என்று எழுதிப் பக்கத்திலேயே அதன் வகையையும் குறிக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வகையைத்தான்.

என்னென்ன வகைகள்?

ஐந்து. அமெரிக்காவின் மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் 2015-இல் வெளியிட்ட விதிமுறையைத்தான் நம் நாட்டு ஆய்வகங்களும் கையாளுகின்றன. நோய் உண்டாக்குவது, அநேகமாக நோய் உண்டாக்குவது, பொருள் தெளிவாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. ‘அநேகமாக’ என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் உறுதி என்று பொருள். அதனால் ‘அநேகமாக நோய் உண்டாக்குவது’ என்று வந்தால் மருத்துவர்கள் அதை முதல் வகைபோலவே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் திட்டமிடுவார்கள். கடைசி இரண்டு வகைகளைப் பல ஆய்வகங்கள் அறிக்கையில் போடுவதே இல்லை. நடுவில் இருக்கும் மூன்றாவது வகைதான் வீட்டில் சண்டையையும் அழுகையையும் கொண்டுவருகிறது.

இது கெட்டது, இது நல்லது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

வழக்கில் சாட்சிகளைக் கூட்டுவதுபோல. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அபூர்வம்.

முதலில், எழுத்து மாறியதால் புரதத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். மரபணுவின் எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்துத்தான் செல் படிக்கிறது. இரண்டு எழுத்து விடுபட்டால் அதற்கு அப்புறம் வரும் எல்லாமே தப்பும் தவறுமாகி, சீக்கிரமே ‘நிறுத்து’ என்ற குறி வந்து புரதம் பாதியில் அறுந்துவிடும். கெட்டால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுவில் ‘185டெல்ஏஜி’ என்ற மாறுபாடு அப்படிப்பட்டது. யூதக் குடும்பங்களில் அதிகம் காணப்படுவதாக உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. தென்னிந்தியக் குடும்பங்களிலும் அது அடிக்கடி வருகிறது என்று சென்னை ஆய்வு ஒன்று 2009-இல் காட்டியது. புதிய அறிக்கைகளில் இதே மாறுபாட்டை 68, 69-ஆம் எழுத்துகள் விடுபட்டவை என்று வேறு எண் போட்டு எழுதுவார்கள். அக்காவின் பழைய அறிக்கையிலும் தங்கையின் புதிய அறிக்கையிலும் எண் வேறாக இருக்கிறது, ஆகவே இருவருக்கும் வேறு வேறு கோளாறு என்று நினைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். எண்ணும் முறை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சாட்சி, நோயில்லாத பொது மக்களில் அது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இருக்கும் ஒரு மாறுபாடு அபூர்வமான பரம்பரைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் தெருவுக்கு நாலு வீட்டில் அந்த நோய் இருக்க வேண்டும்.

மூன்றாவது, குடும்பம். நோய் வந்தவர்களிடமெல்லாம் அது இருந்து, வயதாகியும் நோய் வராதவர்களிடம் இல்லாமல் இருந்தால் சந்தேகம் கூடும். நோய் வந்த சித்திக்கே அது இல்லை என்றால் சந்தேகம் குறையும்.

நான்காவது, ஆய்வகச் சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்தது இது. 2018-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், பிஆர்சிஏ1 மரபணுவின் முக்கியப் பகுதிகளில் வரக்கூடிய ஒற்றை எழுத்து மாற்றங்களில் கிட்டத்தட்ட 4,000-ஐச் செல்களுக்குள் செய்து பார்த்தார்கள். அந்த மரபணு வேலை செய்யாவிட்டால் செத்துப்போகும் ஒரு செல் வகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு செல்லிலும் ஓர் எழுத்தை மாற்றி, 11-ஆம் நாள் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மாற்றத்தோடு தழைத்த செல் இருந்தால் அந்த எழுத்து மாறினால் பாதகமில்லை. காணாமல் போயிருந்தால் அந்த எழுத்து முக்கியமானது. எந்த நோயாளியிடமும் இதுவரை காணாத மாறுபாட்டுக்கும் இன்று ஒரு பதில் தயாராக இருப்பது இந்தமாதிரி உழைப்பால்தான்.

கணினிக் கணிப்பும் உண்டு. அது துணைச் சாட்சி மட்டுமே. ‘சாப்ட்வேர் கெட்டது என்று சொல்கிறது’ என்ற ஒரு வரியை வைத்து யாரும் உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

புரதம் அறுந்துபோகிறது என்றாலே கெட்டதுதானே?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். அதே புற்றுநோய்களோடு தொடர்புள்ள இன்னொரு மரபணு பிஆர்சிஏ2. அதன் புரதம் 3,418 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள், நீளம். 3,326-ஆம் இடத்தில் ‘நிறுத்து’ என்று வரும் ஒரு மாறுபாடு ஐரோப்பியர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கிறது. வேட்டியின் ஓரத்தில் நூல் பிரிந்ததுபோல, வால்நுனி மட்டும்தான் போகிறது. மற்ற பிஆர்சிஏ2 கோளாறுகள் தரும் பெரிய ஆபத்தை அது தருவதில்லை. மறுபக்கம், அமினோ அமிலத்தையே மாற்றாத ‘மௌன’ எழுத்து மாற்றம் சில நேரம் மரபணுத் துண்டுகள் வெட்டி ஒட்டப்படும் இடத்தைக் குலைத்து நோய் உண்டாக்குவதும் உண்டு.

வெளிநாட்டுக்காரர் புள்ளிவிவரத்தை வைத்து நம்மை எப்படி எடைபோட முடியும்?

சரியான கேள்வி. நம் ஊர்ப் பிரச்சினையின் மையமே இதுதான். ‘இந்த மாறுபாடு உலகத் தரவில் இல்லை, ஆகவே அபூர்வம், ஆகவே சந்தேகம்’ என்று எழுதும்போது, அந்த உலகத் தரவில் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாராவது கேட்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகங்கள் நாம். நாங்குநேரிப் பக்கத்தில் நாலு ஊரில் சாதாரணமாக இருக்கும் ஒரு மாறுபாடு உலகக் கணக்கில் பூஜ்யமாகத் தெரியலாம். ‘வாளப்பளம்’ கதைதான். நம் பேச்சு தெரியாதவர் திருத்தினால் பாதி வரி சிவப்பாகிவிடும்.

இதனால் உண்மையிலேயே தவறு நடந்திருக்கிறது. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்ட சில மாறுபாடுகள் கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாக இருப்பவை, தீங்கற்றவை என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒப்பிடுவதற்கு எடுத்த ஆட்களில் அவர்களையும் சேர்த்திருந்தால் அந்தத் தவறைத் தவிர்த்திருக்கலாம்.

நம் நாட்டிலும் தரவு சேர ஆரம்பித்திருக்கிறது. இண்டிஜென் திட்டம் 2019-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. ஜீனோம் இந்தியா திட்டம் ஏறக்குறைய 10,000 பேருடையதைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. உங்கள் அறிக்கை அதற்கு முந்தையது என்றால், இந்தியத் தரவோடு மறுபடியும் ஒப்பிட்டீர்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள்.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அதனால்தான் வந்ததா?

இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிஆர்சிஏ, பரம்பரைக் குடல் புற்றுநோய் வகையான லிஞ்ச் போன்றவற்றில் ஒரு பிரதி கெட்டிருந்தாலே ஆபத்து கூடும். அது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். அவர்கள் சொந்தமா அசலா என்பது அதில் கணக்கில்லை. இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் நோய்கள் வேறு இருக்கின்றன. குடலில் கட்டிகள் முளைக்கும் ‘எம்யூடிஒய்ஹெச்’ வகை அப்படிப்பட்டது. அதில் சொந்தக் கல்யாணம் ஆபத்தைக் கூட்டும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கத்து அக்கா ஒருவர், வயது 43, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர், மஞ்சப்பையில் ஸ்கேன் படங்களோடு வந்தார். பிஆர்சிஏ2-இல் பொருள் தெளிவாகாத மாறுபாடு. ‘ஜீன்லயே கோளாறு, இன்னொரு மார்பையும் கர்ப்பப்பையையும் எடுத்துடணும்’ என்று ஓரிடத்தில் சொல்லி, தேதியும் கொடுத்துவிட்டார்கள். அவருடைய அப்பா சொந்த அக்காள் மகளைக் கட்டியவர். ஒரு தாளை எடுத்துக் குடும்ப வரைபடம் போட்டோம். கோடுகள் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டுக்குத் திரும்பி வந்தன. பெரிய அண்ணனையும் அம்மாவையும் பரிசோதித்ததில், அந்த அண்ணனுக்கு அதே மாறுபாடு இரண்டு பிரதிகளிலும் இருந்தது. ஐம்பது தாண்டியவர், நாள் தவறாமல் வயலுக்குப் போகிறவர்.

பிஆர்சிஏ2-இன் இரண்டு பிரதிகளும் உண்மையிலேயே கெட்டால் குழந்தைப் பருவத்திலேயே ஃபான்கோனி சோகை என்ற கடும் நோய் வரும். எலும்பு மஜ்ஜை வற்றும், கட்டைவிரல் சரியாக வளராமல் போகலாம், சின்ன வயதிலேயே ரத்தப் புற்றுநோய் வரும். அண்ணனின் இரண்டு கட்டைவிரல்களையும் என் மேஜைமேல் வைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, முழுசாக வளர்ந்த விரல்கள். ரத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது. அந்தச் சான்றோடு மற்றவற்றையும் சேர்த்து ஆய்வகம் அதை ‘அநேகமாகத் தீங்கற்றது’ என்று மாற்றியது. அறுவைத் தேதி ரத்தானது. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. சொந்தக் கல்யாணத்தைக் குற்றம் சொல்லியே பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நம் குடும்பங்கள் தருகிற இந்தச் சான்று வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காது.

எனக்கு வி.யூ.எஸ். வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

அதை வைத்து மட்டும் எந்த உறுப்பையும் எடுக்காதீர்கள். அதை வைத்து மட்டும் பிஆர்சிஏ கோளாறுள்ள புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஓலாபரிப் போன்ற மருந்தையும் தொடங்க மாட்டார்கள். உங்கள் நோய், வயது, குடும்ப வரலாறு இவற்றுக்கு என்ன கண்காணிப்பு தேவையோ அதைச் செய்யுங்கள். குடும்பத்தில் நிறையப் பேருக்கு நோய் வந்திருந்தால் அதுவே அடிக்கடி மேமோகிராமோ கொலோனோஸ்கோபியோ செய்யப் போதுமான காரணம்.

அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ, வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் லட்சக்கணக்கான அறிக்கைகளைத் திரும்பிப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், வகை மாறிய வி.யூ.எஸ்.களில் பத்தில் ஒன்பது தீங்கற்ற பக்கம்தான் போயின. மீதி ஒன்று கெட்ட பக்கம் போனது. அந்த ஒன்றுக்காகத்தான் திரும்பக் கேட்கச் சொல்கிறேன்.

என் தங்கச்சி, மகளுக்கும் பார்க்கணுமா?

நோய் உண்டாக்குவது என்று உறுதியானால் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த ஒரு மாறுபாட்டை மட்டும் தேடுவதால் செலவும் குறைவு. வி.யூ.எஸ். என்றால், வகையைத் தெளிவுபடுத்த ஆய்வகம் கேட்டால் மட்டும், யாரிடம் பார்த்தால் பயன் என்று கணக்குப் பார்த்துச் செய்யலாம். மகளுக்கு அது இருக்கிறது, இல்லை என்று வைத்து அவளுடைய ஆபத்தைச் சொல்ல முடியாது.

எங்கம்மா வீட்டில் யாருக்குமே இல்லையே, எப்படி வந்தது?

அப்பா வழியைக் கேட்டீர்களா? பிஆர்சிஏ கோளாறு ஆண்கள் வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு இறங்கும். அப்பாவுக்கு ஒன்றும் வராமலே இருந்திருக்கலாம், அவருடைய அக்கா தங்கைகளைக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் பழைய சாவுகளுக்குப் புற்றுநோய் என்ற பெயர் இருக்காது. ‘அத்தை மகோதரம் வந்து போனா’, ‘வயிறு உப்பி, நீர் எடுத்து எடுத்து வச்சாங்க’ என்பார்கள். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். ‘மாரில கட்டி வந்து பச்சிலை வச்சுக் கட்டுனாங்க’ என்று ஒரு ஆச்சி சொன்னதில்தான் ஒருமுறை வரைபடத்தின் விடுபட்ட கிளை கிடைத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் சீக்கிரம் கேட்டு எழுதி வையுங்கள்.

கட்டியின் சதையில் செய்த சோதனையில் பிஆர்சிஏ மாறுபாடு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் போகுமா?

இதை மட்டும் வைத்துத் தெரியாது. கட்டிக்குள் மட்டும் புதிதாக உண்டான மாற்றமாக இருக்கலாம், அது பிள்ளைகளுக்குப் போகாது. ரத்தத்திலோ எச்சிலிலோ தனியாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

குழந்தையின் கண்ணில் கட்டி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு பரம்பரை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

செல்போன் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்து கண்டுபிடிக்கப்படும் ரெட்டினோபிளாஸ்டோமா பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டு கண்ணிலும் வந்தால் அது ஆர்பி1 மரபணுவின் பரம்பரை வகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் என்றால் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்குத்தான் அப்படி. பரம்பரை வகையிலும் பெரும்பாலான குழந்தைகளிடம் மாறுபாடு புதிதாகத் தோன்றியதுதான், பெற்றோரிடம் இருக்காது. நீங்கள் செய்த எதனாலும் அது வரவில்லை. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் இருப்பது நிரூபணமானால், அந்த மாறுபாடுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கு அது பலமான சான்று. அந்தக் குழந்தை வளர்ந்து பிள்ளை பெறும்போது சரிபாதி வாய்ப்பு உண்டு, அதனால் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த குழந்தை பிறந்தால் முதல் வாரங்களிலேயே கண்ணைக் காட்டுங்கள்.

எனக்கு நெகட்டிவ் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

குடும்பத்தில் ஏற்கனவே உறுதியான ஒரு கெட்ட மாறுபாடு இருந்து, அது உங்களிடம் இல்லை என்றால், அந்தப் பரம்பரை ஆபத்து உங்களுக்கு இல்லை. வீட்டில் நோய் வந்த யாரையும் பரிசோதிக்காமல் உங்களை மட்டும் பார்த்து நெகட்டிவ் என்றால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. அதனால்தான் எப்போதும் நோய் வந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அறிக்கையைச் சொல்லணுமா?

வி.யூ.எஸ். என்றால் சொல்வதற்கு அதில் செய்தியே இல்லை. அதைச் சொல்லி ஒரு கல்யாணம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருடம் கழித்து அதே மாறுபாடு தீங்கற்றது என்று வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா போனில் பேசாமல் அழுதுகொண்டே இருந்தார். நோய் உண்டாக்குவது என்று உறுதியான மாறுபாடு வேறு விஷயம். யாரிடம் எப்போது சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியவள் வயது வந்த அந்தப் பெண். பெற்றோரோ நானோ அவளைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

முதல்முறை ஆலோசனைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பினால் போதாது, மரபணுவின் எந்தப் பதிப்பை வைத்து எழுத்துகளை எண்ணினார்கள் என்ற குறியீடும் சான்றுகளும் பின்பக்கங்களில்தான் இருக்கும். நோய் வந்தவர்களின் பயாப்ஸி தாள்கள். யாருக்கு எந்த வயதில் வந்தது என்று தெரிந்தவரை ஒரு குறிப்பு. குடும்பக் கதை தெரிந்த ஒரு அத்தையோ பெரியம்மாவோ கூட வந்தால் இன்னும் நல்லது. நோய் வந்தவர் இறந்துபோயிருந்தால், அறுவை நடந்த மருத்துவமனையில் மெழுகுக் கட்டை இருக்கிறதா என்று கேட்டு வாருங்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, மெழுகில் பதித்த சதைத் துண்டு அது. அதிலிருந்தும் ஒரு மாறுபாடு இருந்ததா என்று சில நேரம் பார்க்க முடிகிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை அப்புறப்படுத்திவிடுவார்கள், ஆகவே அதை முதலில் கேளுங்கள்.